கொங்கிறீற்றுக்குள் ஒளிந்திருக்கும் கறள்

கல்வீடு கட்டிவிட்டால் மூன்று தலைமுறைக்குக் கவலையில்லை என்பது யாழ்ப்பாணத்தவரின் பழைய நம்பிக்கை. ஓலை வீட்டுக்கு ஆண்டுதோறும் வேய்ச்சற் செலவு உண்டு. ஓட்டு வீட்டுக்கு மாரிக்கு முன்னர் உடைந்த ஓடு மாற்றும் செலவு உண்டு. மேலே கொங்கிறீற்றுத் தளம் இட்ட வீட்டுக்கோ ஒரு செலவும் இல்லை என்று எண்ணியே நம்மவர் பலர் தம் ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் கம்பியிலும் சீமெந்திலும் போட்டனர். அந்த நம்பிக்கையில் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

தெல்லிப்பழையைச் சூழ்ந்த ஊர்களில் கொங்கிறீற்று வீடுகள் மலிந்ததற்கு ஒரு காரணம் கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் அவ்வூர் மண்ணிலேயே கிடைத்தது. களிமண் மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கனிலிருந்து வந்தது. தொழிற்சாலையிற் கடமையாற்றியவர்களுள் எத்தனையோ பேர் வலிகாமம் வடக்கில் வீடு கட்டிக் குடியிருந்தனர். 1990ஆம் ஆண்டில் யுத்தம் வாசலுக்கு வந்தபோது ஆலையும் நின்றது. ஊரும் எழுந்து போயிற்று. சிலர் ஐந்தாறு மைல் தள்ளி நலன்புரி நிலையங்களில் வாழ்ந்தனர். சிலர் கடல் கடந்தனர். 2009இல் யுத்தம் முடிந்தபின் நிலங்கள் கட்டங்கட்டமாகத் திரும்பக் கிடைத்தன. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வரையிலான புகையிரதப் பாதை 2015 சனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. திரும்பி வந்தவர் கண்டதென்ன? ஓடு இல்லை, மரம் இல்லை, கதவு நிலை இல்லை. கம்பிக்காகவே தூண்களை உடைத்தெடுத்திருந்த வீடுகளும் உண்டு. ஆனால் பல வளவுகளில் கொங்கிறீற்றுத் தளம் மட்டும், ஆலங்கன்றைத் தலையிற் சுமந்துகொண்டு, அப்படியே நின்றது.

நிற்பது வேறு, நிலைத்திருப்பது வேறு.

அத்தகைய ஒரு வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். தெல்லிப்பழைச் சந்தியிலிருந்து மிதிவண்டியிற் போகக்கூடிய தூரந்தான். வீட்டுக்குரிய மூதாட்டி முற்றத்து வேப்பமர நிழலில் அமர்ந்திருந்தார். கனடாவிலுள்ள மகன், 'இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். காசு அனுப்புகிறேன்' என்று சொல்லிவிட்டார். அம்மையாருக்கோ அதில் மனமில்லை. முதுமை எய்திய மேசன் ஒருவரும், இளவயதுப் பொறியியலாளர் ஒருவரும் மண்டபத்துக்குள் நின்று முகட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தனர்.

"தம்பி, இது அவர் நின்று கட்டுவிச்ச வீடு. இடிக்காமல் சரிக்கட்டேலாதோ?" என்று கேட்டார் அம்மையார்.

"பொறுங்கோ அம்மா. என்ன இருக்கு, என்ன போட்டுது எண்டு முதல்லை பாப்பம்" என்றார் மேசன்.

முகட்டின் அடிப்புறத்தில் கம்பி ஓடும் வழியே நீளநீளமான வெடிப்புகள். சில இடங்களில் சீமெந்துப் பூச்சு அடையடையாக விழுந்து, செங்கபில நிறக் கம்பிகள் மார்பெலும்பு போல் வெளியே தெரிந்தன. மேசன் சிறு சுத்தியல் ஒன்றால் முகட்டை அடிக்கு அடி தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'ணங்' என்ற ஓசை; கெட்ட இடத்தில் வெற்றுப் பெட்டியைத் தட்டினாற்போல் 'தொப்' என்ற ஓசை. தேங்காயைத் தட்டி முற்றலா என்று பார்ப்பவருக்கு இவ்வித்தையை விளக்க வேண்டியதில்லை. தொப்பென்று ஒலித்த இடங்களைச் சுற்றிப் பொறியியலாளர் வெண்கட்டியால் வளையம் இட்டார். அரைமணி நேரத்தில் முகடெங்கும் வளையங்கள்.

கல்லுக்குள் இருக்கும் இரும்புக்குக் கறள் எப்படி வந்தது? இதை அறிய, இவ்விரண்டும் எப்படிச் சேர்ந்தன என்பதை அறிதல் வேண்டும். கொங்கிறீற்று அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இரும்பு இழுவையையும் தாங்கும். பிரான்சு தேசத்துத் தோட்டக்காரராகிய யோசேப் மொனியே என்பவர், பூந்தொட்டிகள் உடையாதிருக்க அவற்றின் சீமெந்துச் சுவருக்குள் கம்பிவலை வைத்து 1867இல் காப்புரிமை பெற்றார். பூந்தொட்டியிற் புகுந்த யுக்தி பின்னர்ப் பாலத்திலும் மாளிகையிலும் புகுந்தது.

இச்சேர்க்கைக்கு இயற்கை ஒரு பெரிய சீதனம் கொடுத்தது. சீமெந்து நீருடன் சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு வெளிப்படுகிறது. அதனாற் கொங்கிறீற்று கடுங்காரத் தன்மை உடையதாகிறது, அதன் பீ.எச். பெறுமானம் 12.5 முதல் 13 வரை இருக்கும். இக்காரத்தினுள் இரும்பின்மேல் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று உண்டாகி, கவசம் போல் அதைக் காக்கிறது. இக்கவசம் உள்ளவரை கறள் அண்டாது.

கவசத்தை உடைப்போர் இருவர். முதல்வர் நாம் வெளியிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு. அது காற்றோடு கொங்கிறீற்றின் நுண்டுளைகளிற் புகுந்து சுண்ணாம்பை மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக்குகிறது, பீ.எச். 9க்குக் கீழே இறங்குகிறது. இப்பயணம் மிக மெதுவானது. அதற்கொரு கணக்கும் உண்டு. இரட்டை ஆழம் செல்ல நான்கு மடங்கு காலம் வேண்டும். 10 மில்லிமீற்றர் ஆழம் போக 9 ஆண்டு சென்றதாயின், 20 மில்லிமீற்றர் போக 36 ஆண்டு செல்லும். இதைத் திருப்பிப் பாருங்கள். கம்பிக்கு வெளியே ஓர் அங்குலம் சீமெந்து இருக்கவேண்டிய இடத்தில் அரை அங்குலம் இருந்தால், காவற்காலம் பாதியாவதில்லை, காற்பங்காகிறது! கொங்கிறீற்றுப் போடும் நாளில் கம்பியின் கீழே சிறு சீமெந்துக் கட்டைகளை வைக்க மறந்த அசட்டை, பேரப்பிள்ளை காலத்திலே வட்டியோடு வந்து நிற்கிறது.

காரம் எவ்வளவு ஆழம் போய்விட்டது என்று அறியப் பொறியியலாளர் புதிதாய் உடைத்த முகத்தில் பினோத்தலீன் கரைசலைத் தெளிப்பர். காரம் உள்ள பகுதி ஊதாச் சிவப்பாகும். காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. மஞ்சள் நீரிற் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தித் தட்டுச் சிவப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த வித்தைதான்.

இரண்டாம் பகைவர் உப்பு. இவர் முன்னவரினும் கொடியவர்; ஏனெனில் காரம் குன்றாதிருக்கும்போதே கவசத்தைத் துளைத்துவிடுவார். உப்பிலுள்ள குளோரைட்டு, சீமெந்தின் எடையில் 0.4 சதவீதம் அளவுக்குக் கம்பியருகே சேர்ந்தாற் கறள் தொடங்கக்கூடும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் உப்புக்குப் பஞ்சமுண்டா? ஆழக் கிணற்றுக்குக் கீழே உப்பு நீர். அதன் மேலே சுண்ணப் பாறைக்குள் மிதக்கும் நன்னீர்ப் படை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். அந்த உவர் நீராலே சீமெந்து குழைத்து, அதே நீரையே தளத்தின்மேல் நனைப்புக்கும் தேக்கிவைத்தோர் உளர். கழுவாத கரையோர மணலைக் கலந்தோரும் உளர். இவற்றையெல்லாம் தவிர்த்தவர் வீட்டுக்கும் வாடைக்காற்று கடலுப்பைச் சுமந்து வந்து கொடுக்கிறது. மாரியில் நனைந்து கோடையிற் காய்ந்து, மீண்டும் நனைந்து மீண்டும் காயும் தளம், ஒவ்வொரு முறையும் சிறிது உப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இருபத்தைந்து ஆண்டு ஆளின்றி, கூட்டுவாரின்றி, நீர்த்தாரை அடைபட்டு, சருகும் மழைநீருமாய்க் கிடந்த தளத்தின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

கறள் பிடிப்பதால் இரும்பு தேய்வது ஒரு கேடு. வீங்குவது மற்றொரு கேடு. இரும்பு கறளாகும்போது அதன் பருமன் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். சிறைப்பட்ட இவ்வீக்கம் சுற்றியுள்ள கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கிறது. பிளவு வழியே நீரும் காற்றும் புக, கறள் விரைகிறது. தேய்வின் கணக்கோ நாம் நினைப்பதினும் கடுமையானது. 10 மில்லிமீற்றர் கம்பி சுற்றிவர ஒரேயொரு மில்லிமீற்றர் உரிந்தால் 8 மில்லிமீற்றராகிறது. 'ஐந்தில் ஒன்றுதானே போயிற்று' என்று எண்ணல் வேண்டா. கம்பியின் பலம் அதன் வெட்டுமுகப் பரப்பில் இருக்கிறது. 78 சதுர மில்லிமீற்றர் 50 ஆகிவிட்டது. மூன்றிலொரு பங்குக்கு மேல் போயிற்று.

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்று கண்ணாடிக் குவளைகள் போதும். ஒன்றில் வெறும் மழைநீர். மற்றொன்றில் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர். மூன்றாவதில் அதே தெளிநீருடன் இரண்டு கரண்டி உப்பு. மெருகு கலையாத இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் தேய்த்து ஒவ்வொன்றிலும் இட்டு, குவளைகளை மூடிவைத்து, சில வாரங்கள் பார்த்து வாருங்கள். மழைநீர் ஆணி சில நாளிலேயே சிவக்கும்; சுண்ணாம்புநீர் ஆணி பளபளப்பாக இருக்கும்; உப்பிட்ட சுண்ணாம்புநீர் ஆணியிலோ அங்குமிங்கும் புள்ளி புள்ளியாகக் கறள் எழக் காணலாம். சுண்ணாம்பு நீர் கண்ணிற் படாமற் பார்த்துக்கொள்ளல் அவசியம்.

இனி, இக்காலப் புதுமை ஒன்றைச் சொல்லவேண்டும். பலகையடித்து முட்டுக் கொடுத்துத் தளம் போடும் பழைய முறைக்குப் பதிலாக, உருக்குச் சட்டங்களின்மேல் நாகமுலாம் பூசிய நெளிதகட்டை விரித்து, அதன்மேல் கொங்கிறீற்று வார்க்கும் முறை 1950களில் அமெரிக்காவிற் பரவத் தொடங்கியது. இன்று இலங்கையிலும் கடை மாடிகளிலும் களஞ்சியங்களிலும் இதைக் காணலாம். தகடே அச்சாகவும் நிற்கிறது. கொங்கிறீற்று இறுகியபின் அடிக்கம்பியின் வேலையையும் செய்கிறது. தகட்டின் பக்கங்களில் அழுத்திய சிறு புடைப்புகள் கொங்கிறீற்றை வழுவாமற் பற்றிக்கொள்கின்றன. முட்டுமரம் மிச்சம்; நாட்கள் மிச்சம். வேலையாட்களுக்கு மிகவும் பிடித்த முறை.

ஆனால் கம்பிக்கு ஓர் அங்குலச் சீமெந்துப் போர்வை உண்டு. தகட்டின் அடிமுகத்துக்கோ நாகப் பூச்சைத் தவிர வேறொன்றுமில்லை. சாதாரணமாக இத்தகடுகளிற் சதுர மீற்றருக்கு 275 கிராம் நாகம், இரு முகமும் சேர்த்து, பூசப்படுகிறது. முகத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர் தடிப்பு. ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதிலொரு பங்கு. உலர்ந்த உள்ளறையில் நாகம் ஆண்டுக்கு ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவாகவே தேயும். பல பத்தாண்டுகள் பயமில்லை. உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் ஆண்டுக்கு 4 மைக்ரோமீற்றர் வரையும், அதற்கு மேலும் தேயக்கூடும். வகுத்துப் பார்த்தால் ஐந்தே ஆண்டு! அதன்பின் தகட்டின் உருக்கே வெளிப்படும். அது ஒரு மில்லிமீற்றரைச் சுற்றிய தடிப்புத்தான். வேறொரு சங்கடமும் உண்டு. சாதாரணத் தளத்தில் மேலிருந்து ஊறும் நீர் முகட்டில் ஈரக்கறையாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தகட்டுத் தளத்தில் அந்நீர் நெளிவுப் பள்ளத்தில் தேங்கி மறைந்திருந்து, உட்புறத்திலிருந்து தகட்டைத் தின்னும். கீழே நிற்பவர் தகட்டின் பொருத்தில் வெண்தூளோ செங்கபிலக் கோடோ காணும்போது காலம் பிந்தியிருக்கும்.

நீரொழுக்கை அற்பமென எண்ணியதன் விளைவைக் கனடா தேசம் 2012ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள் கண்டது. ஒன்ராறியோ மாகாணத்து எலியட் லேக் என்னும் சிறு நகரத்திலுள்ள வணிக மாளிகையின் கூரையே வாகனத் தரிப்பிடமாக அமைந்திருந்தது. கட்டிய காலந்தொட்டே அது ஒழுகியது. பனியுருக்கும் உப்பு கலந்த நீர், முப்பதாண்டுக்கு மேலாக உருக்குச் சட்டங்களின் இணைப்புகளில் வடிந்தது. ஒருநாள் ஓர் இணைப்பு அற்றது. தளத்தின் ஒரு பகுதி கடைகளின் மேல் வீழ்ந்தது. பெண்கள் இருவர் உயிரிழந்தனர். விசாரணை ஆணைக்குழு 2014இல் வெளியிட்ட அறிக்கை, ஒழுக்கைப் பற்றிப் பலமுறை முறைப்பாடு எழுந்தும், உரிமையாளரும் பொறியியலாளரும் அதிகாரிகளும் தத்தம் கடமையில் வழுவியதை விரித்துரைக்கிறது. வாளியை வைத்து நீரைப் பிடித்தார்கள். நீர் எதைத் தொட்டு வருகிறது என்று பார்த்தாரில்லை.

திருத்துவது எங்ஙனம்? தளத்தை அடியிலிருந்தல்ல, மேலிருந்து திருத்தத் தொடங்கவேண்டும். நீர் தேங்கும் பள்ளத்தை நிரவி, வாட்டம் வைத்து, தாரையைத் திறந்து, ஒழுக்கை முற்றாக நிறுத்தியபின்பே கீழே கைவைக்கலாம். அதற்கும் முன்னர் முட்டுக் கொடுத்தல் வேண்டும். கெட்ட கொங்கிறீற்றைக் கொத்தும்போதுதான் தளம் மிகப் பலவீனமாகிறது என்பதை மறந்து உயிரைப் பறிகொடுப்பது மதியன்று.

தொப்பென்று ஒலித்த பகுதியைக் கம்பி வெளிப்படும் மட்டும் கொத்தினாற் போதாது. கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையுமளவு, ஏறத்தாழ 20 மில்லிமீற்றர், கொத்தவேண்டும். கம்பியின் முதுகிலும் கறள் உண்டல்லவா? கம்பியை வெண்மையாகும் வரை துலக்கி, உவர் இல்லாத நீராற் கழுவி, காப்புப் பூச்சுப் பூசவேண்டும். ஐந்திலொரு பங்கு, காற்பங்கு என்று தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தே புதுக் கம்பி சேர்க்கவேண்டும். அது நல்ல கம்பியோடு இருபுறமும் போதிய நீளம் கூடியிருத்தல் அவசியம். 10 மில்லிமீற்றர்க் கம்பிக்கு அரை மீற்றர் வரை. ஓரங்களை நேராக வெட்டி, பழைய முகத்தை நனைத்து, உரிய சாந்தைப் படைபடையாக அழுத்தி அடைத்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் வைத்திருத்தல் வேண்டும். வெறுமனே சாந்து அப்பி வெள்ளையடிப்பது, புண்ணை ஆற்றாமல் மேலே பட்டுச் சால்வை போர்ப்பதாகும்.

இவ்வளவு செய்தும் இரண்டொரு ஆண்டில் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியே புதுவெடிப்புக் கிளம்புவதைப் பலர் கண்டிருக்கின்றனர். மேசன்மேற் பழி விழும். பழி எப்போதும் அவருக்கு உரியதன்று. கறள் என்பது ஒரு மின்னிரசாயன நிகழ்ச்சி. கறள்பிடிக்கும் இடம் அனோட்டாகித் தன்னைத் தேய்த்துக்கொண்டு, அயலிலுள்ள கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை நாம் குணமாக்கியதும், உப்பேறிய அயற்பகுதி காவலிழந்து தானே அனோட்டாகிறது. இதற்குப் பரிகாரமாக, ஒட்டின் விளிம்பில் கம்பியோடு சிறு நாகக் கட்டிகளைப் பிணைத்துப் புதைப்பர். நாகம் தேய்ந்து இரும்பைக் காக்கும். அல்லது உப்பேறிய கொங்கிறீற்றை இன்னும் அகலமாகக் கொத்தி எடுப்பர். இரண்டுக்கும் செலவுண்டு. 'இந்த மூன்று வளையத்தை மட்டும் பூசிவிடுங்கள்' என்று பேரம் பேசும் வீட்டுக்காரர் இதை அறிதல் நன்று.

நெளிதகட்டுத் தளத்தில் முதற் கேள்வியே வேறு: தகடு வெறும் அச்சா, சுமைதாங்கியா? உள்ளே போதிய கம்பி இட்டு, தகட்டைக் கணக்கிற் சேர்க்காமல் அமைத்திருந்தால், தகடு துளைபட்டாலும் தளத்துக்கு உடனடி ஆபத்தில்லை. தகடே கம்பியாக நின்றிருந்தால், 0.9 மில்லிமீற்றரில் 0.3 போவது பலத்தில் மூன்றிலொன்று போவதாகும். இரண்டையும் கண்ணாற் பார்த்துப் பிரித்தறிய முடியாது. கட்டியபோது வரைந்த படமே சொல்லும். காணி உறுதியைப் பெட்டகத்தில் வைப்போர் வீட்டுப் படத்தைக் கடைக்காரர் கையிற் சுருளாகக் கொடுத்துவிடுவது நம்மவர் வழக்கம். மேற்கறள் மட்டுமாயின் துலக்கி நாகப்பூச்சு இடலாம். தகடு ஓட்டையாகி இருந்தால், அதை வெட்டி இழுப்பதற்கு முன் முட்டு வேண்டும். பின்னர் இரு சட்டங்களுக்கிடையே புதியதொரு உருக்குச் சட்டம் கொடுக்கலாம். தாங்கும் இடைவெளி பாதியானால் தளத்தை வளைக்கும் விசைத்திருப்பம் காற்பங்காகக் குறையும் என்பது இதிலுள்ள பெரும் இலாபம். ஆனால் புதுச்சட்டத்துக்கு நேர் மேலே தளத்தின் முதுகு வெடிக்கக்கூடுமாகையால், அதையும் பொறியியலாளர் கணித்தே செய்யவேண்டும். அவ்வாறு தாங்கவியலாத பகுதியைக் கீற்றுக்கீற்றாக எடுத்துப் புதிதாக வார்ப்பதே வழி.

வேப்பமர நிழலுக்குத் திரும்புவோம். வளையங்களை எண்ணி, ஏழு இடத்திற் கொத்திப் பார்த்து, கம்பிகளை அளந்தபின் பொறியியலாளர் தம் முடிவைச் சொன்னார். மண்டபத்தின் தளம் பிழைக்கும். மூன்று கம்பிகள் மாற்றவேண்டும். மேலே வாட்டம் வைக்கவேண்டும். தண்ணீர்த்தாங்கியை அங்கே ஏற்றலாகாது. குசினியின் தளம் பிழைக்காது. அடுப்புப் புகையும் மேலே தேங்கிய நீரும் சேர்ந்து கம்பிகளிற் பாதிக்கு மேல் தின்றுவிட்டன. அதனை இறக்கி ஓடு வேயவேண்டும்.

அம்மையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "குசினி பிறகு போட்டது. மண்டபந்தான் அவர் முதல் கட்டினது" என்றார்.

மேசன் முட்டுமரத்துக்கு அளவெடுக்கத் தொடங்கினார்.